27 லிட்டர் வோர்ட், கிச்சன் கேஸ் அடுப்பு: கொதி வரவே மாட்டேன் என்கிறது

லெஸ்டர்வாசி:
வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) எக்ஸ்ட்ராக்ட் டின் வாங்கி பீர் போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது எக்ஸ்ட்ராக்ட் இல்லாமல் தானியத்திலிருந்தே காய்ச்சும் முறைக்கு மாறி, 33 லிட்டர் ஸ்டெயின்லெஸ் அண்டா வாங்கியிருக்கிறேன். விட்டம் 36 செ.மீ. கடைசியில் 23 லிட்டர் பீர் கிடைக்க வேண்டுமானால் 27 லிட்டர் வோர்ட்டை, அதாவது மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாற்றை, அடுப்பில் ஏற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல்.

மேஷ் (மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைப்பது) முடிந்து 66 டிகிரியில் ஏற்றி, நடுவிலுள்ள வோக் பர்னரை முழுசாகத் திறந்துவிட்டும், 97 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வருகின்றனவே தவிர, தளதளவென்று கொதிப்பதில்லை. மூடி போட்டால் சீக்கிரமே கொதிக்கிறது, திறந்தால் அடங்கிவிடுகிறது. மூடி போட்டே ஒரு மணி நேரம் விடலாமா? அப்புறம், ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து ஓடுகிறது. அண்டாவின் அடியில் கரி படிந்திருக்கிறது, சுடரின் நுனியும் மஞ்சளாகத் தெரிகிறது.

நண்பர் ஒருவர் தோட்டத்தில் வைக்கும் புரொப்பேன் ரிங் பர்னரைத் தருகிறேன் என்கிறார். வெளியே எப்போதும் மழை. ஜன்னலைத் திறந்துவைத்து, அதை கிச்சனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா?

பார்லிநீர்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. அந்த பர்னர்கள் திறந்தவெளிக்கென்றே செய்யப்பட்டவை. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஜன்னலைத் திறந்துவைத்தாலும் அது அவ்வளவு உயரம் ஏறி வெளியே போகாது.

இனி நீங்கள் எழுதியதிலேயே என்னைக் கவலைப்பட வைத்த விஷயம். கரி, மஞ்சள் சுடர் இரண்டும் எரிவாயு முழுசாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். 36 செ.மீ. அடி பர்னரைத் தாண்டி எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். சுடருக்குப் போகவேண்டிய காற்று தடைபடுகிறது, எரிந்த புகை வெளியேறவும் வழியில்லை. அதாவது கார்பன் மோனாக்சைடு இப்போதே வந்துகொண்டிருக்கலாம். கிச்சனில் அலாரம் இருக்கிறதா? காய்ச்சும்போது தலைவலி, குமட்டல் ஏதாவது?

லெஸ்டர்வாசி:
அலாரம் மாடியில் பாய்லர் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. கடைசி அரை மணி நேரம் லேசாகத் தலை வலித்தது உண்மைதான். ஆவியில் நின்றதால் என்று விட்டுவிட்டேன்.

பார்லிநீர்:
அப்படியென்றால் அந்த அண்டாவை இனி அந்த அடுப்பில் ஏற்றாதீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி, கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பட்டியல்) பதிவுள்ள ஆளை வரவழைத்து அடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பையே பற்றவைக்காமல் இருப்பது நல்லது. தலைவலியை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். வாடகை வீட்டில் வீட்டுக்காரருடைய கேஸ் சாதனங்களை வருடத்துக்கொரு முறை சோதிப்பது அவர் கடமை. ஆனால் இங்கிலாந்தில் 2022 அக்டோபரில் வந்த அலாரம் விதியில் சமையல் கேஸ் அடுப்புக்கு விலக்கு உண்டு. அதனால் கிச்சன் அலாரத்துக்கு அவரை எதிர்பார்க்காமல் நீங்களே வாங்கிவிடுங்கள். பெட்டியில் பிஎஸ் இஎன் 50291 என்ற தர எண் இருக்கவேண்டும்.

வெல்டர்:
அவர் சொன்னதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். அடுப்பு சரி என்றான பிறகு, அடுப்பின் கையேட்டில் உள்ள அளவுக்குள் வரும் பாத்திரம் ஒன்றில் 5 லிட்டர் தண்ணீரை வைத்து, 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பர்னரின் மேல் எழுதியிருக்கும் கிலோவாட் வேறு, பாத்திரத்துக்குள் போவது வேறு. கேஸ் அடுப்பில் பாதிக்கும் மேல் சூடு பக்கவாட்டில் வீணாகப் போகும். கையேட்டில் ஒவ்வொரு பர்னருக்கும் அதிகபட்சப் பாத்திர அகலம் என்ன என்பதையும் எழுதுங்கள்.

லெஸ்டர்வாசி:
கேஸ் ஆள் வந்து பார்த்தார். பர்னரில் குறையில்லை, அண்டாதான் பெரிது என்றார். கிச்சனில் அலாரம் மாட்டிவிட்டேன். தண்ணீர் சோதனை: 12 நிமிடம். அகலம் வோக் பர்னருக்கு 28 செ.மீ., அடுத்த பெரிய பர்னருக்கு 24 செ.மீ.

வெல்டர்:
கணக்கு இதுதான். 5 லிட்டரை 40 டிகிரி ஏற்ற சுமார் 837 கிலோஜூல் வேண்டும். 12 நிமிடத்தில் அது போயிருக்கிறது என்றால், உள்ளே இறங்குவது 1.16 கிலோவாட். 27 லிட்டரை 66-லிருந்து 100-க்கு ஏற்ற, சூடே இழக்காவிட்டாலும் 55 நிமிடம். ஆனால் இழக்கிறது. 36 செ.மீ. வாய் என்றால் மேற்பரப்பு 1,000 சதுர செ.மீ.க்கு மேல். 97 டிகிரியில் அங்கிருந்து ஆவியாகப் போகும் சூடும் அடியிலிருந்து ஏறும் சூடும் சமமாகிவிட்டன. மூடி இல்லாமல் இன்னும் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த அண்டா கொதிக்காது. 28 செ.மீ. பாத்திரத்தில் மேற்பரப்பு 600 சொச்சம்தான், அளவும் பாதி. அரை மணியில் கொதி வந்துவிடும்.

எடையையும் யோசியுங்கள். 27 லிட்டர் வோர்ட் 28 கிலோவுக்கு மேல், அண்டாவோடு முப்பதைத் தாண்டும். கண்ணாடி மேல்தட்டு உள்ள அடுப்பு அதற்காகச் செய்ததல்ல.

ஹாப்ஸ்தோட்டம்:
மூடி பற்றி யாரும் சொல்லவில்லையே. சூடேறும்வரை மூடி போடலாம், தவறில்லை. கொதி வந்ததும் எடுத்துவிட வேண்டும். மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறும். வேகவைத்த சோளம் அல்லது முட்டைக்கோஸ் போன்ற வாடை வருவது அதனால்தான். திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும், மூடியிருந்தால் மூடியில் குளிர்ந்து சொட்டாக உள்ளேயே விழும். லேகர், பில்ஸ்னர் மால்ட்டில் அந்தப் பொருள் அதிகம், அதற்கு 90 நிமிடம் கொதிக்கவிடுவார்கள். கூடுதல் சூட்டில் உலர்த்திய பேல் ஏல் மால்ட்டில் குறைவு. அந்த மால்ட்டில் செய்யும் பிட்டர் வகை பீர் போடுகிறீர்கள் என்றால் 60 நிமிடம் போதும்.

97 டிகிரியிலும் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசப்பு இறங்கும். ஆனால் புரதம் திரண்டு கீழே படிவதற்குத் தளதளப்பு வேண்டும்.

லெஸ்டர்வாசி:
சரி, இரண்டு பாத்திரம்தான் வழி என்று புரிகிறது. 28 செ.மீ. அகலத்தில் 17 லிட்டரும், 24 செ.மீ. அகலத்தில் 11 லிட்டரும் கிடைக்கின்றன. பொங்கி வழியாமல் இருக்க எவ்வளவு ஊற்றலாம்? ஹாப்ஸை எப்படிப் பிரிப்பது? ஆவிக்கு என்ன செய்வது?

ஹாப்ஸ்தோட்டம்:
பெரியதில் 13.5, சின்னதில் 8.5 லிட்டர். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். முதல் கொதியில் நுரை பால் பொங்குவதுபோல் ஏறும். அந்தச் சில நிமிடங்கள் அடுப்பை விட்டு நகராமல், சுடரைக் குறைத்து, தெளிப்பானில் தண்ணீர் அடித்தால் அடங்கிவிடும். ஹாப்ஸை அந்த அளவு விகிதத்திலேயே பிரித்துப் போடுங்கள். 22 லிட்டர் ஏற்றினால் முடிவில் ஏறக்குறைய 19 லிட்டர் நிற்கும். தானியத்தைக் குறைக்காமல், மேஷுக்குப் பின் அதைக் கழுவும் தண்ணீரை மட்டும் குறைத்தால் வோர்ட் கெட்டியாக வரும். தானியத்தில் தங்கிவிடும் சர்க்கரைக்கு ஈடாகக் கால் கிலோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் 23 லிட்டருக்கு நிரப்பலாம். கெட்டி வோர்ட்டில் கசப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும், ஹாப்ஸைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பார்லிநீர்:
ஆவிக்கு: உங்கள் அடுப்பு மேலுள்ள ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா, கரி ஃபில்டர் வழியாகத் திரும்ப அறைக்கே விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை வாடையை மட்டும்தான் குறைக்கும், ஈரம் கிச்சனிலேயே தங்கும். மூன்று லிட்டர் தண்ணீர் சுவரில்தான் போய் உட்காரும். அப்படியானால் ஜன்னலையும் எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து, காற்று குறுக்கே ஓடும்படி வையுங்கள். ஆனால் சுடரில் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. கொதித்த பாத்திரத்தைத் தூக்காதீர்கள், அடுப்பிலேயே, குளிர்ந்த தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்ச் சுருளை இறக்கிக் குளிரவையுங்கள்.

அந்த 33 லிட்டர் அண்டாவை மேஷுக்கு வைத்துக்கொள்ளுங்கள், போர்வை சுற்றினால் ஒரு மணி நேரம் சூடு நன்றாகவே நிற்கும்.