உட்லண்ட்ஸ் முதல் வியன்னா வரை ரயிலில்: சைபீரியாவா, காஸ்பியனா?

ஈசூன் மலர்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஏறி வியன்னாவில் இறங்க வேண்டும். இரண்டு பேர். ஒருவருக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட், மற்றவர் இந்திய பாஸ்போர்ட் உள்ள நிரந்தரவாசி. மே முதல் வாரம் புறப்பாடு, கையில் 45 நாள். மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனா வரை குழப்பமில்லை. அதற்கு மேல் சைபீரியா வழி போவதா, கஸக்ஸ்தான் வழி போவதா?

தண்டவாளன்

சைபீரியா, தயங்காமல். பெய்ஜிங்–மாஸ்கோ நேரடி வண்டி 2020-இல் நின்றுவிட்டது உண்மைதான். ஆனால் பாதை அப்படியே இருக்கிறது. மன்ஜௌலி வரை சீன ரயில், எல்லையைப் பேருந்தில் தாண்டினால் சபைகால்ஸ்க், அங்கிருந்து சீத்தா, மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க். சீனாவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் வரை தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டரிலிருந்து 1,520-க்கு ஒரே ஒரு முறைதான் மாறுகிறது. ரஷ்யாவின் இ-விசா சிங்கப்பூரருக்கும் உண்டு, இந்தியருக்கும் உண்டு. எந்தச் சோதனைச்சாவடியில் அது செல்லும் என்ற பட்டியலை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இவாங்கோரோட், பாலத்தைத் தாண்டினால் எஸ்தோனியாவின் நார்வா, அங்கே தாலினுக்கு ரயில். எங்கும் விமானம் வேண்டாம்.

தேக்கா தடம்

தண்டவாளன் அண்ணே, வரைபடத்தில் எல்லாம் சரி. பாலத்தில்தான் சிக்கல். நார்வா பாலத்தில் 2024 பிப்ரவரி முதல் வாகனம் போக முடியாது, நடந்துதான் கடக்க வேண்டும். அதே ஆண்டு மே முதல் எஸ்தோனியா இரவில் மூடிவிடுகிறது. திறந்திருக்கும் நேரத்திலும் பெட்டியை இழுத்துக்கொண்டு வெட்டவெளியில் மணிக்கணக்கில் வரிசை. பக்கத்து ஃபின்லாந்து 2023 டிசம்பரில் ரஷ்யாவுடனான தரை எல்லை முழுவதையும் மூடியது. போலந்து 2025 செப்டம்பரில் பெலாரூஸ் எல்லையை இரண்டு வாரம் அளவுக்கு அடைத்தது. 9,000 கிலோமீட்டர் போய்க் கடைசி 200 மீட்டரில் கதவு சாத்தியிருந்தால் என்ன செய்வீர்கள்?

பணம் இன்னொரு தலைவலி. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் 2022 மார்ச்சிலேயே ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன. சிங்கப்பூர் வங்கி அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக். முழுப் பயணத்துக்கும் ரொக்கம் தூக்கிப் போக வேண்டும். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் போர் விலக்கு விதியையும் வாசித்துப் பாருங்கள்.

என் வழி இது. குன்மிங்கிலிருந்து சீன ரயிலிலேயே லான்ஜோ, அங்கிருந்து அதிவேக ரயிலில் உரும்ச்சி (1,776 கிலோமீட்டர்). பிறகு கஸக் எல்லையில் உள்ள கோர்கோஸ். எல்லையைப் பேருந்தில் தாண்டி அல்மாட்டி. அங்கே ஏறினால் மங்கிஸ்தாவ் வரை இரண்டு நாளுக்கு மேல் ஒரே ரயில். காஸ்பியன் கரை அக்தாவ் நகரத்துக்கு இறங்கும் நிலையம் அதுதான். அங்கிருந்து ஜார்ஜியாவுக்கு ஒரு விமானம். பிறகு பேருந்தில் துருக்கிக்குள் கார்ஸ், ரயிலில் அங்காரா, இஸ்தான்புல், சோபியா, புக்காரெஸ்ட், வியன்னா.

தண்டவாளன்

விமானம் ஏறுவதென்றால் சாங்கியிலேயே ஏறியிருக்கலாமே! அக்தாவ் பக்கத்திலிருந்து அஜர்பைஜான் தலைநகர் பாகுவுக்குக் கப்பல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

தேக்கா தடம்

வேண்டுமென்றேதான் விட்டேன். அது சரக்குக் கப்பல், கால அட்டவணை கிடையாது. சரக்கு நிரம்பி, காற்று அடங்கினால்தான் கிளம்பும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அஜர்பைஜான் 2020 மார்ச்சில் தரை, கடல் எல்லைகளைப் பயணிகளுக்கு மூடியது. பிறகு தவணை தவணையாக நீட்டித்துக்கொண்டே வருகிறது. பாகுவிலிருந்து ஜார்ஜியா தலைநகர் திபிலிசிக்குப் போன ரயிலும் அதனால்தான் நின்றது. கப்பலில் போய் நின்றால் இறங்க விட மாட்டார்கள். துர்க்மெனிஸ்தான், ஈரான் என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன்: துர்க்மென் விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும், ஈரானுக்குக் காப்பீடு கிடைப்பதே பாடு. 45 நாள் திட்டத்தை அதன்மேல் கட்டக் கூடாது.

கிளமெண்டி கணக்கர்

இருவரும் பாதையையே பேசுகிறீர்கள். மலர் கேட்டதில் முக்கியமானது அந்த இந்திய பாஸ்போர்ட்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குச் சீனா 30 நாள் விசா விலக்கு (2024 பிப்ரவரி 9 முதல்), கஸக்ஸ்தான் 30 நாள், ஷெங்கன் (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் வட்டாரம்) 180 நாளில் 90 நாள். இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சீன விசா வேண்டும், ஷெங்கன் விசா வேண்டும், கஸக்ஸ்தானில் 14 நாள்தான் விலக்கு. துருக்கியின் இ-விசாவும் ஜார்ஜியாவின் விலக்கும் கையில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா போன்ற ஒன்று இருந்தால்தான்.

பலர் விழும் குழி இங்கேதான். வியன்னாவில் ஜூன் 10 இறங்குகிறோம் என்று எழுதினால் ஷெங்கன் விசா ஜூன் 10-இல்தான் தொடங்கும். மே 30 ஜார்ஜியா எல்லையில் நிற்கும்போது அது இன்னும் உயிர் பெறாத விசா. திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே தொடக்கத் தேதியை ஜார்ஜியாவுக்குள் நுழையும் நாளுக்கும் முன்னால் வருமாறு, காரணத்தைக் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள்.

ஷெங்கன் மனுவைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை கொடுக்கலாம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஒரே நேரத்தில் பாஸ்போர்ட் ஓரிடத்தில்தான் இருக்கும் என்பதால் ஜனவரியில் ஷெங்கன், அது கைக்கு வந்தபின் சீனா. சீன விசாவை முதலில் எடுத்தால் பயணத்துக்குள் காலாவதியாகிவிடக்கூடும். நிரந்தரவாசியின் மறுநுழைவு அனுமதி திரும்பி வரும் நாள் வரை இருக்கிறதா என்றும் பாருங்கள், இதை மறந்துவிடுகிறார்கள்.

வழி விஷயத்தில் தடம் பக்கம்தான் நான். ஆனால் 45 நாளையும் நாள்வாரியாக அட்டவணை போட்டு, எல்லா டிக்கெட்டையும் மார்ச்சிலேயே எடுத்துவிட வேண்டும்.

தேக்கா தடம்

அதுதான் முடியாது அக்கா. சீன ரயில் டிக்கெட் 15 நாள் முன்புதான் திறக்கும், கஸக்ஸ்தானில் 45 நாள். மார்ச்சில் எதை வாங்குவீர்கள்? தேதியைப் பூட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று அக்தாவ் விமானம். மற்றது மலேசிய–தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாரிலிருந்து பாங்காக் போகும் ரயிலின் படுக்கை. கீழ்ப்படுக்கை அகலம் அதிகம், முதலில் தீர்வதும் அதுதான்.

லாவோஸ் தலைநகர் வியந்தியானில் ஓர் இரவு கட்டாயம் விடுங்கள். பாங்காக்கிலிருந்து இரவில் கிளம்பும் வண்டி காம்சவாத் நிலையத்துக்குக் காலை ஒன்பது மணிவாக்கில் வரும். குன்மிங் வண்டி அதற்கு முன்பே, வேறொரு நிலையத்திலிருந்து போய்விட்டிருக்கும். தாய்லாந்துத் தடம் 1,000 மில்லிமீட்டர், லாவோஸ்–சீனத் தடம் 1,435. இரண்டும் ஒரே நிலையத்தில் சேர்வதில்லை. லாவோஸ் எல்லை நிலையம் போத்தென், சீன எல்லை நிலையம் மொஹான் இரண்டிலும் எல்லாப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். சீன நிலையங்களில் மடக்குக் கத்தியைப் பிடுங்கிவிடுவார்கள்.

கிளமெண்டி கணக்கர்

சரி, டிக்கெட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘நடுவில் நாள் விடுங்கள்’ என்பதை அளவோடு சொல்லுங்கள். கஸக்ஸ்தானில் நுழைந்த நாளும் 14-இல் ஒன்றாக எண்ணப்படும் என்றே கணக்குப் போடுங்கள். அல்மாட்டியில் 4, ரயிலில் 3, அக்தாவில் 3 என்றால் 10. மீதி 4 நாள்தான் கைவசம், அதைத் தொடாமல் வைத்திருங்கள்.

ஈசூன் மலர்

ஷெங்கன் தேதி விஷயம் யாரும் சொல்லாதது, நன்றி அக்கா. பாடாங் பெசாரில் மாறுவது சிரமமா? ஒருவர் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?

தண்டவாளன்

இதில் சண்டை இல்லை, சொல்கிறேன் தங்கச்சி. உட்லண்ட்ஸ்–ஜோகூர் பாரு தெப்ராவ் ரயில் 5 வெள்ளி, 5 நிமிடம். வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் 950 பேருந்து. ஜோகூர் பாருவிலிருந்து 2025 டிசம்பர் முதல் இடிஎஸ் மின்ரயில் ஓடுகிறது. கோலாலம்பூரில் மாறிப் பாடாங் பெசார். மலேசிய, தாய்லாந்துக் குடிநுழைவு இரண்டும் அதே நிலையத்திலேயே. பாங்காக் டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம், ஒரு மணி பின்னால்.

சைவத்துக்கு வெந்நீரை நம்புங்கள். சீன ரயிலிலும் கஸக் ரயிலிலும் பெட்டிக்குப் பெட்டி வெந்நீர் உண்டு. உடனடி உப்புமா, அவல், ரசப்பொடி, ஊறுகாய், மூடியுள்ள எஃகுக் குவளை போதும். பழங்களை மொஹானுக்கு முன்பே தின்றுவிடுங்கள், சீனச் சுங்கம் விடாது. உரும்ச்சியில் ஊர்க்காரர்கள் சொல்லும் நேரம் பெய்ஜிங்கைவிட 2 மணி பின்தங்கியது, டிக்கெட்டில் இருப்பது பெய்ஜிங் நேரம். கஸக்ஸ்தானில் நுழைந்ததும் 3 மணி பின்னால் வையுங்கள். 2024 மார்ச்சிலிருந்து நாடு முழுக்க ஒரே நேரம்.

விமானம் பற்றி என் கருத்து மாறவில்லை. நார்வா வரிசையில் பத்து மணி நேரம் நின்றாலும் அது தரைவழிப் பயணம்.

தேக்கா தடம்

சிங்கப்பூர் பாஸ்போர்ட் மட்டும் வைத்துக்கொண்டு, தனியாக, நாள் கணக்கு இல்லாமல் போகிறவர் அப்படிச் செய்யலாம் அண்ணே. இவர்களுக்கு 45 நாள்தான்.

மலர், ஒன்று விட்டுப்போனது. இஸ்தான்புல்–சோபியா இரவு வண்டி நகர மையத்தில் கிளம்பாது, ஹால்கலியில்தான். இஸ்தான்புல் நகர ரயிலான மர்மராயில் கடைசி நிலையம் வரை போங்கள். நடுஇரவுக்கு மேல் துருக்கி எல்லை நிலையம் கபிகுலேயில் எல்லாரையும் எழுப்பி இறக்குவார்கள். பல்கேரியா 2025 ஜனவரியில் தரை எல்லையிலும் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால் நீங்கள் ஷெங்கனுக்குள் நுழைவது வியன்னாவில் அல்ல, பல்கேரிய எல்லையில். விசா மனுவில் முதல் நுழைவு பல்கேரியா என்று எழுதுங்கள்.