திறந்தவெளியில் கயோட்டி வேட்டை: ஒலி எழுப்பும் காலர் பெட்டி வாங்கும்போது சத்தத்தைப் பார்ப்பதா, ரிமோட்டைப் பார்ப்பதா?

ஆட்டுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸில் சான் ஆஞ்செலோவுக்கு மேற்கே நண்பர் ஒருவரோடு கூட்டாக ஆடு வளர்க்கிறேன். போயரும் ஸ்பானிஷும் கலந்து 140 உருப்படி. நிலம் முழுக்கத் தட்டை. அங்கங்கே மெஸ்கீட் புதர், குறுக்கே ஒரே ஒரு வறண்ட ஓடை. இந்த ஈற்றில் மட்டும் 9 குட்டிகளைக் கயோட்டி (நரி மாதிரி இருக்கும் இந்த ஊர்க் காட்டு மிருகம்) கொண்டுபோய்விட்டது. கடைசிக் குட்டி கிடந்த இடத்துக்கு விடியும்போது போனேன். தொண்டையில் பல் பதிந்த தடம், விலாப் பக்கம் கிழிந்து கிடந்தது. தாய் ஆடு மடி கனத்துப் பக்கத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது.

எலக்ட்ரானிக் காலர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இது கழுத்துப்பட்டை இல்லை; கயோட்டியை வரவழைக்க முயல் கதறல், குட்டி அழுகை, ஊளை என்று பதிவு செய்த ஒலிகளைப் போடும் பெட்டி. பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, நாம் மறைவில் உட்கார்ந்து ரிமோட்டால் இயக்க வேண்டும். பாக்ஸ்ப்ரோ ஷாக்வேவ் மாதிரி நாலு ஸ்பீக்கர் உள்ள பெரிய பெட்டி வாங்கவா, ஐகோடெக் ஜிசி300 மாதிரி சின்னதே போதுமா? விலையில் பல மடங்கு வித்தியாசம். உபயோகித்தவர்கள் சொல்லுங்கள்.

பான்ஹேண்டில் பாண்டி:
தம்பி, யோசிக்காமல் பெரியதை வாங்குங்கள். நான் அமரில்லோ பக்கம். இங்கே ஒரு கயோட்டிக்கும் அடுத்த கயோட்டிக்கும் நடுவே ஒரு மைல்கூட இருக்கும். உங்கள் சத்தம் அரை மைல் போனால் ஒரு வட்டம், ஒரு மைல் போனால் அதைப்போல நாலு மடங்கு பரப்பு. தூரம் இரண்டு மடங்கானால் கேட்கும் கயோட்டி நாலு மடங்கு. காட்டுக்குள் வேட்டையாடுபவருக்குச் சின்னப் பெட்டி போதும். திறந்தவெளிக்குச் சத்தம்தான் எல்லாம். ஜிசி300-ல் ஏற்றி வைத்த 12 ஒலிகளோடு சரி, புதிதாகச் சேர்க்க முடியாது. ஒரே முயல் கதறலைப் பத்துப் பேர் போட்டால் கயோட்டி பாடம் படித்துவிடும்.

கருவேலங்காடு:
பாண்டி அண்ணே, ஒலியைப் பற்றிச் சொன்னது சரி. ஏற்றிக்கொள்ள முடியாத பெட்டியை நானும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு மடங்கு வட்டக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறைகிறது. அதை ஈடுகட்ட ஆம்ப்ளிபையரின் சக்தி நாலு மடங்கு வேண்டும். இரண்டு மடங்கு சக்திக்குக் கிடைப்பது 3 டெசிபல்தான். இதுவும் காற்றே இல்லாத நாளின் கணக்கு. மேற்கு டெக்சஸில் காற்று இல்லாத நாள் எத்தனை? காற்று வரும் திசையை நோக்கிப் போகும் சத்தம் மேலே வளைந்து தரையை விட்டு எழும்பிவிடும். அந்தப் பக்கத்தில் ஒரு ஒலி நிழலே விழும். காற்றோடு போகும் பக்கம், அதாவது கீழ்க்காற்றுப் பக்கம், மட்டும் நன்றாகப் பரவும். ஆக, அது வட்டமே இல்லை.

அந்தக் கீழ்க்காற்றுப் பக்கம்தான் நம் உடம்பு வாடையும் போகிறது. காசு கொடுத்து வாங்கின கூடுதல் சத்தத்தில் பாதிக்கு மேல், நம்மை மோப்பம் பிடிக்கப் போகும் கயோட்டிக்குத்தான் போய்ச் சேருகிறது.

பான்ஹேண்டில் பாண்டி:
அப்படியென்றால் அந்தப் பக்கக் கயோட்டி எல்லாமே வீணா? போன ஜனவரியில் கீழ்க்காற்றில் 700 கெஜத்தில் புள்ளியாகத் தெரிந்தது ஒன்று. சத்தத்தைக் கூட்டினேன், நின்றது, திரும்பியது, நேராக ஓடிவந்தது. சின்னப் பெட்டியாக இருந்தால் அது தன் வழியே போயிருக்கும். இது நான் கண்ணால் பார்த்தது.

கருவேலங்காடு:
வீண் என்று சொல்லவில்லை அண்ணே. எங்கே உட்காருகிறோம் என்பதை வைத்துத்தான் அது பலன் தரும். கயோட்டி பெரும்பாலும் நேராகச் சத்தத்துக்கு வராது. கடைசி இருநூறு கெஜத்தில் ஒதுங்கி, காற்றுக்குக் கீழே சுற்றி, மூக்கால் சரிபார்த்துக்கொண்டுதான் வரும். அது சுற்றுவது ஸ்பீக்கரைத்தான். அதனால் ஸ்பீக்கரை நம்மிடமிருந்து காற்று வரும் பக்கமாக, சற்றுக் குறுக்காக, 80 அல்லது 100 கெஜம் தள்ளி வைக்க வேண்டும். ஸ்பீக்கரின் கீழ்க்காற்றுக்குப் போக அது போடும் வளையம், நம் வாடை போகும் கோட்டைத் தொடுவதற்கு முன்பே நம் துப்பாக்கிக்கு முன்னால் குறுக்கிடும். நமக்குக் கிடைப்பது அந்தச் சில நொடிதான்.

அதற்கு வேண்டியது 100 கெஜத்தில் தவறாமல் வேலை செய்யும் ரிமோட். பெட்டியின் மேல் அச்சடித்த ரேஞ்ச் எல்லாம் வெட்டவெளியில் நின்றபடி, தடையே இல்லாமல் அளந்தது. நாமோ குப்புறப் படுத்து, நெஞ்சுக்குக் கீழே ரிமோட்டை வைத்து, புல்லுக்குள்ளிருந்து அழுத்துகிறோம். உடம்பே அலையைத் தடுக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. என் பெட்டியின் கம்பெனி பெயர் வேண்டாம். நல்ல சத்தம், விலையும் அதிகம். 90 கெஜத்தில் ஒரு வேலிக்கம்பத்தின் அடியில் வைத்திருந்தேன். பெரிய ஆண் கயோட்டி ஓடைக்குள்ளிருந்து ஏறி வந்தது. மேட்டு விளிம்பில் நின்று மூக்கை உயர்த்தியது. இடது காது ஸ்பீக்கர் பக்கம், வலது காது என் பக்கம். முயல் கதறலை நிறுத்திவிட்டு மெல்லிய எலிச் சத்தத்துக்கு மாற்ற வேண்டும். அழுத்தினேன், மாறவில்லை. மறுபடி அழுத்தினேன், மாறவில்லை. ரிமோட்டை உயர்த்திப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். அந்த அசைவு போதும், ஓடைக்குள் இறங்கிவிட்டது. முயல் மட்டும் முழுச் சத்தத்தில் கதறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நான் காலர் பார்க்கப் போனால் முதலில் ரிமோட்டைத்தான் சோதிக்கிறேன்.

ஊதுகுழல்:
இரண்டு பேரும் பெட்டிக்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் 26 வருஷமாக வாயால் ஊதுபவன். ரீட் (ஊதினால் அதிரும் மெல்லிய தகடு) வைத்த விசில் ஒன்று சட்டைப்பையில் அடங்கும், பேட்டரி கேட்காது. விடியற்காலைக் குளிரில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சோர்ந்துபோனதைப் பார்த்ததில்லையா? மார்பிள் ஃபால்ஸில் பர்ன்ஹாம் சகோதரர்கள் விசில் செய்து விற்றார்கள், வேகோவில் ஜானி ஸ்டூவர்ட் விலங்கு ஒலிகளை இசைத்தட்டில் பதிந்து விற்றார். இரண்டும் இதே டெக்சஸில்தான். அன்றிலிருந்தே இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கயோட்டி தயங்கினால் என் மூச்சும் தயங்கும், அது ஓடிவந்தால் நான் குறைப்பேன். பதிவு செய்த ஒலியால் அப்படி மாறிக்கொள்ள முடியாது.

கருவேலங்காடு:
ஐயா, அந்த வித்தை உங்களுக்கு வரும், எனக்கு வராது. இன்னொன்று: விசில் ஊதினால் சத்தம் பிறக்கும் இடம் நாமே. கயோட்டியின் காது அந்த இடத்தைக் கெஜக்கணக்கில் குறித்துவிடும். புதர்க்காட்டில் பரவாயில்லை. மறைவே இல்லாத தரையில் அது கடைசிவரை நம்மையே உற்றுப் பார்த்துக்கொண்டு வருகிறது. துப்பாக்கியை நகர்த்தக்கூட முடியாது. பெட்டி தள்ளி இருந்தால் அதன் பார்வை பெட்டி மேல் இருக்கும்.

ஊதுகுழல்:
அது உண்மை. திறந்த தரையில் நான் ஒரு பெரிய புதருக்கு முன்னால், நிழலுக்குள் உட்கார்ந்துதான் சமாளிக்கிறேன். ஆனாலும் பெட்டி வாங்குபவர் கழுத்தில் ஒரு விசிலும் தொங்கட்டும். கடைசி 60 கெஜத்தில் ஓடுகிற மிருகத்தை நிறுத்த, அந்த விசிலோ, உதட்டைக் குவித்து ஒரு சின்னக் கீச்சொலியோ போதும். அதற்கு எந்த ரிமோட்டும் வேண்டாம்.

வெள்ளைநாய்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆட்டுக்காரன், கயோட்டியைச் சுடுவதால் குட்டி பிழைக்கும் என்று நம்புகிறீர்களா? ஓர் இடத்தில் நிலைத்த ஜோடியைக் கொன்றால் அந்த இடத்துக்கு வேறு கயோட்டி வரும். புதிதாக வருவது ஆட்டைத் தொடாத கயோட்டியாகவே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? கிரேட் பிரனீஸ் அல்லது அனடோலியன் இன மந்தைக் காவல் நாய் இரண்டு வாங்குங்கள். எங்கள் மந்தையில் நாய் வந்த பிறகு ஒரு குட்டிகூடப் போகவில்லை.

ஆட்டுக்காரன்:
நாய் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பிரனீஸ் குட்டிகள், 7 மாதம். காவலுக்குத் தேற இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை போகும் குட்டிக்கு நான்தான் பொறுப்பு. ஆடு தொடாத கயோட்டியைத் தேடிப் போய்ச் சுடும் எண்ணம் எனக்கும் இல்லை. ஓடைப் பக்கம் குட்டி தூக்கும் அந்த ஜோடி மட்டும்தான் என் கணக்கு.

வெள்ளைநாய்:
சரி, அப்படியானால் ஒன்றை மறக்காதீர்கள். காலரில் குட்டி அழுகை போட்டால் முதலில் ஓடி வருவது உங்கள் நாய்களாக இருக்கலாம். அரை இருட்டில் வெள்ளை நிறம்கூடச் சாம்பலாகத்தான் தெரியும். காலர் போடும் நாளில் இரண்டையும் கொட்டகையில் கட்டிவிட்டுப் போங்கள்.

பான்ஹேண்டில் பாண்டி:
இது ரொம்ப முக்கியம், நான் சொல்ல விட்டுவிட்டேன். சட்டமும் ஒரு வரி: டெக்சஸில் கயோட்டி வேட்டைக்குத் தடைக்காலம் கிடையாது, காலரும் அனுமதிதான். ஆனால் பொதுச் சாலையிலிருந்து சுடக்கூடாது. அதே பெட்டியில் வாத்து ஒலியை ஏற்றி வாத்து வேட்டைக்குப் போனால் அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். நம் ஊர் வாசகர்கள் கவனிக்க: இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி நரி வேட்டையே கூடாது. இந்தப் பேச்சு முழுக்க இங்குள்ள நிலத்துக்கு மட்டும்.

கருவேலங்காடு தம்பிக்கு: ரிமோட் சரியில்லாத பெட்டி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 25 மைல் வேகத்தில் காற்று அடிக்கும் மார்ச் மாதத்தில் உங்கள் சின்ன ஸ்பீக்கர் என்ன செய்யும்? காற்றின் இரைச்சலிலேயே கரைந்துவிடும்.

கருவேலங்காடு:
அந்த நாளில் நான் வீட்டில் இருப்பேன் அண்ணே. வெயில் ஏறுவதற்கு முன், காற்று அசையாத விடியலில், தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கியிருக்கும். அப்போது மேலே போகிற சத்தம் திரும்பித் தரைக்கே வளைந்து வரும். சின்னப் பெட்டியே வெகுதூரம் கேட்கும். முழுச் சத்தத்தில் தொடங்கினால் பக்கத்து ஓடையில் படுத்திருக்கும் கயோட்டி மிரண்டு ஓடும். முதல் இரண்டு நிமிஷம் மெதுவாக, அப்புறம் கூட்டலாம்.

பான்ஹேண்டில் பாண்டி:
உங்கள் ஊரில் விடியலில் காற்று ஓய்கிறது, எங்கள் ஊரில் ஓய்வதில்லை. காற்றுக்குப் பயந்தால் எனக்கு மாதத்தில் நாலு நாள்கூடத் தேறாது. பெரிய பெட்டியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சின்னப் பெட்டியின் சத்தத்தை அதன் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. இதில் நான் மாற மாட்டேன்.

ஆட்டுக்காரன்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு பக்கத்துப் பண்ணைக்காரர் தன் பெட்டியை இரவல் தந்தார். நடுத்தரமானது, ஒலி ஏற்றிக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தேன். நண்பர் பெட்டியருகே நின்றார், நான் ரிமோட்டோடு பின்வாங்கினேன். நின்றபடி 210 கெஜம் வரை வேலை செய்தது. உட்கார்ந்தால் 140. குப்புறப் படுத்து நெஞ்சடியில் வைத்தால் 55! பெட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர வேலிக்கம்பத்தில் கட்டியதும் படுத்த நிலையிலேயே 120 வந்தது. கருவேலங்காடு அண்ணன் சொன்னது கண்முன் தெரிந்தது.

முந்தாநாள் விடியலில் நாய்களைக் கட்டிவிட்டு ஓடைக்கு வடக்கே உட்கார்ந்தோம். காற்று தென்மேற்கிலிருந்து லேசாக. பெட்டியை 90 கெஜத்தில், ஓடை விளிம்புக் கம்பத்தில் கட்டினோம். மெதுவாக முயல் கதறல். பதினோராவது நிமிஷம் ஒரு கயோட்டி ஓடையிலிருந்து ஏறி, பெட்டியை விட்டு வலப்பக்கம் ஒதுங்கி, காற்றுக்குக் கீழே வளையம் போடத் தொடங்கியது. எங்களுக்கு நேர் எதிரே குறுக்கிட்டது. நண்பர் உதட்டைக் குவித்துக் கீச்சென்றார். நின்றது. சுட்டேன். நான் ரிமோட்டைத் தொடவே இல்லை.

ஜோடியில் இன்னொன்று இருக்கிறது. நேற்று இரவு ஓடைப் பக்கம் அது ஒற்றையாக ஊளையிட்டது, கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அதற்கும் இதே முயல் ஒலி போடலாமா, இல்லை மாற்ற வேண்டுமா?

ஊதுகுழல்:
மாற்றுங்கள். அதே ஒலி, அதே கம்பம் வேண்டாம். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு ஓடையின் மறுகரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பெண் ஊளை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 20 நிமிஷம் பொறுங்கள்.