லாக்டேட் மீட்டர் வாங்கலாமா, அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாமா?

கொள்ளிடக்கரை:
திருமானூர்ப் பாலத்துக்குத் தென்கரையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளமெல்லாம் கிடையாது. மாவட்டப் போட்டி வரைக்கும் ஜெயிக்கிறார்கள், அதற்கு மேல் போனால் மூச்சு முட்டுகிறது. ஊரில் மூன்று பேர் சேர்ந்து கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் லாக்டேட் மீட்டர் வாங்கலாம் என்பது என் யோசனை. ஓடும்போது தசையில் உண்டாகி ரத்தத்தில் கலக்கும் லாக்டேட்டை, அதாவது லாக்டிக் அமிலம் என்பார்களே அதை, அளக்கும் கருவி. சர்க்கரை பார்க்கும் மீட்டர் மாதிரிதான். விரலில் ஒரு குத்து, ஒரு பொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் தொட்டால், கால் நிமிஷத்துக்குள் எண் வந்துவிடும்.

போன வாரம் நண்பரிடம் இரவல் வாங்கி மூன்று பேருக்குப் பார்த்தேன். காலை ஐந்தே முக்கால், இன்னும் யாரும் ஓட ஆரம்பிக்கவில்லை. இரண்டு பேருக்கு 1.2, 1.4. மூன்றாவது பையனுக்கு 7.3! சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இப்படி என்றால் உடம்பில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். அவனை ஓட வேண்டாம் என்று ஓரமாக உட்காரவைத்திருக்கிறேன். மீட்டர் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்குமா? அதனால்தான் வாங்க வேண்டும் என்கிறேன்.

பி.டி. சார், மன்னார்குடி:
தம்பி, முப்பத்தோரு வருஷம் விசில் ஊதி ஓய்வுபெற்றவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் காசுக்கு முட்டை வாங்கு. இரண்டு பேருக்கு ஸ்பைக் ஷூ வாங்கு. லாக்டிக் அமிலம் ஏறினால் தொடை கெட்டியாகும், மறுநாள் வலிக்கும். தேய்த்துவிட்டு வெந்நீர் ஊற்றினால் இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதற்கு? அப்புறம், ஓட வரும் பிள்ளைக்குக் காலையில் மோர் ஆகாது. மோரில் இருப்பதும் அதே லாக்டிக் அமிலம்தான். ஓடுகிற உடம்பில் அதை வேறு ஏற்றுவார்களா?

இன்னொன்று. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை விரலில் ஊசி குத்த யாரிடம் அனுமதி கேட்டாய்?

அரசலாறு 800:
அனுமதி விஷயத்தில் சார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மற்றதை ஒத்துக்கொள்ள முடியாது.

மறுநாள் வலி லாக்டேட்டால் வருவதில்லை சார். ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும், வெந்நீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும். வலி உச்சத்துக்குப் போவது ஒன்று முதல் மூன்று நாள் கழித்து. தசை நாரில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் முயற்சியும்தான் காரணம்.

லாக்டேட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது பழைய கதை. 1780-ல் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தார். 1907-ல் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில், ஆக்சிஜன் இல்லாதபோது அது சேர்வதையும் ஆக்சிஜன் கிடைத்தால் குறைவதையும் காட்டினார்கள். அதோடு ‘களைப்பின் கழிவு’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 1980-களில் ஜார்ஜ் புரூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதைத் திருப்பிப் போட்டார். ஒரு தசை உண்டாக்கும் லாக்டேட்டை இன்னொரு தசையும் இதயமும் எடுத்து எரிக்கின்றன, கல்லீரல் அதைத் திரும்ப குளுகோஸ் ஆக்குகிறது. அதாவது அது விறகு, சாம்பல் இல்லை.

சரி, அளந்து என்ன பயன்? ஓய்வில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 1 மில்லிமோல் வாக்கில் இருக்கும்; மீட்டர் காட்டும் எண் அதுதான். மெதுவோட்டத்தில் அவ்வளவாக அசையாது. ஒரு வேகத்துக்கு மேல் போனால் சட்டென்று ஏறும். ஏறும் இடம் எது என்று தெரிந்தால், எந்த வேகத்தில் நிறைய ஓடலாம், எந்த வேகம் ஆளைத் தின்றுவிடும் என்று பிரிக்கலாம். நார்வே ஓட்டக்காரர்களான இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்கள் பயிற்சி நடுவே குத்திப் பார்த்துக்கொண்டே ஓடுவது இதற்குத்தான். யாக்கோப் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம், பாரிஸில் 5000 மீட்டர் தங்கம். வேகமாக ஓட வைப்பதற்காக அவர்கள் மீட்டரைப் பயன்படுத்தவில்லை, அளவு மீறி ஓடாமல் தடுப்பதற்காகத்தான். நம் ஊரில் தினமும் நாக்குத் தள்ள ஓட வைப்பதுதானே பயிற்சி?

பி.டி. சார், மன்னார்குடி:
நார்வேக்காரன் வீட்டில் சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை தம்பி.

நாக்குத் தள்ள ஓட வைத்தவன் நான் இல்லை. என் முறையைச் சொல்கிறேன், கேள். ஓடும்போதே ஒரு திருக்குறள் சொல்லச் சொல்வேன். ஏழு சீரும் தடங்கலில்லாமல் வந்தால் அது மெதுவோட்டம். முதல் அடியோடு நின்று மூச்சு வாங்கினால் வேகம். ‘அகர’ என்பதோடு நின்றால் அவனை நடக்கவிடு. இதற்குப் பட்டை வேண்டாம், பேட்டரி வேண்டாம், பிள்ளைக்குக் குறளும் மனப்பாடம் ஆகும்.

அரசலாறு 800:
சார், இது ஆராய்ச்சியில் இருக்கும் முறைதான், பேச்சுச் சோதனை என்பார்கள். லாக்டேட் முதலில் அசையும் இடத்தை இது ஓரளவு நன்றாகவே காட்டும். ஆனால் மேல் எல்லையில், அதாவது லாக்டேட் சட்டென்று ஏறும் வேகத்தில், உதவாது. அங்கே யாரும் குறள் சொல்ல மாட்டார்கள்.

மேல் எல்லைக்குப் படிப்படியாக ஓட வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் மீட்டரை ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிஷம் நிறுத்தி ஒரு சொட்டு. 1976-ல் மாடர் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் அந்த எல்லைக்கு 4 மில்லிமோல் என்று ஒரு கோடு போட்டார்கள், இன்றும் பலர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் சிலருக்கு அது 3-க்குக் கீழேயே வந்துவிடும், சிலருக்கு 5-ஐத் தாண்டும். ஆகவே ஒரே ஆளை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அர்த்தம். ஒரு நாள் காலையில் ஒருத்தனுக்கு ஒரு குத்து குத்திவிட்டு ஒன்றும் சொல்ல முடியாது. கொள்ளிடக்கரை அண்ணன் செய்தது அதுதான்.

ராத்திரி டூட்டி:
நான் தஞ்சாவூரில் நர்ஸ். அந்த 7.3 என் கண்ணை உறுத்துகிறது.

தீவிர சிகிச்சையில் லாக்டேட் 2-ஐத் தாண்டினாலே டாக்டரைக் கூப்பிடுவோம். கடும் தொற்று, ரத்த ஓட்டக் குறைவு என்று தேட ஆரம்பிப்பார்கள். ஓய்வில் 7.3 உள்ளவர் வழக்கமாக எங்கள் கட்டிலில் மூச்சு இரைத்துக்கொண்டு கிடப்பார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்க மாட்டார். பையன் நன்றாக இருக்கிறான், எண் மட்டும் மோசம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எண்ணை.

எனக்கே நடந்தது. ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்த குழாயைப் பையன் ஒருவன் ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். மே மாத வெயில். எண் பயங்கரமாக வந்தது, வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசும் அளவுக்குப் போய்விட்டது. திரும்ப எடுத்து ஐஸில் வைத்து அனுப்பினால் சாதாரணம். சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளும் குளுகோஸைத் தின்று லாக்டேட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு வேறு வழி தெரியாது, ஆக்சிஜன் வைத்து எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதைத் தடுக்கத்தான் ஃபுளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். இன்னொரு தடவை 18 என்று ரிப்போர்ட்டைப் பார்த்து ஒருவர் அழுதேவிட்டார். அது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 9-ஆல் வகுத்தால் 2 மில்லிமோல்தான்.

தம்பி, குத்துவதற்கு முன் அவன் கை கழுவினானா? முதல் சொட்டைத் துடைத்தீர்களா? வியர்வையிலும் லாக்டேட் உண்டு, ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. குத்தும் ஊசி, அந்த லான்செட், மூன்று பேருக்கும் தனித்தனியா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:
லான்செட் தனித்தனிதான் அக்கா. பெற்றோரிடம் கேட்கவில்லை, அது தப்பு, இனிமேல் கேட்கிறேன். விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். கை கழுவச் சொல்லவில்லை. முதல் சொட்டைத்தான் எடுத்தேன். யாருக்கும் வியர்க்கவில்லை, பனி விழுந்துகொண்டிருந்தது.

உறைமோர்:
ஒரு பால் சங்கத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. லாக்டிக் அமிலம் மட்டும் தெரியும், இருபது வருஷமாக அதோடுதான் குடும்பம் நடத்துகிறேன். ஒரே கேள்வி: அந்தப் பையன் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தான்?

கொள்ளிடக்கரை:
பழைய சோறு அண்ணே. அவன் ஒருத்தன்தான் சாப்பிட்டுவிட்டு வருவான், அவன் அம்மா விடாது. மற்றவர்கள் வெறும் வயிறு, இல்லாவிட்டால் டீ.

உறைமோர்:
தயிர் விட்டுப் பிசைந்து, வலது கையால். சாப்பிட்ட கையை வேட்டியிலோ துண்டிலோ துடைத்துவிட்டு ஓடிவந்திருப்பான். குத்தியதும் வலது கை விரலில். சரியா?

கணக்குப் பாருங்கள். நன்றாகத் தோய்ந்த தயிரில் லாக்டிக் அமிலம் 0.9 சதவீதம் என்று வையுங்கள். லிட்டருக்கு 9 கிராம். மில்லிமோலில் சொன்னால் 100. ரத்தத்தில் 1. மீட்டர் கேட்பது அரை மைக்ரோலிட்டர் ரத்தம்கூட இல்லை. அதில் இருபதில் ஒரு பங்கு தயிர் கலந்தால் போதும், எண் எங்கேயோ போய்விடும். விரல் ரேகையில் காய்ந்த தயிர் இன்னும் அடர்த்தி.

ராத்திரி டூட்டி:
அதேதான். மாம்பழம் உரித்த கையில் சர்க்கரை பார்த்தால் ஏறிக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சு போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். வார்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

நடவாளு:
அப்படியென்றால் அந்த மீட்டரில் எங்கள் வீட்டு இட்லி மாவு புளித்ததா என்று பார்க்கலாமா? மாமியாருக்கும் எனக்கும் தினமும் சண்டை.

உறைமோர்:
பார்க்க முடியாதம்மா. முதலாவது, மீட்டர் காட்டும் அளவையெல்லாம் மாவு தாண்டிவிடும். நீர் விட்டு இளக்கினாலும் அது ரத்தத்துக்காகச் செய்த பட்டை. இரண்டாவது விஷயம் சுவாரசியமானது. லாக்டிக் அமிலத்தில் எல், டி என்று இரண்டு வகை உண்டு, இடது கையும் வலது கையும் மாதிரி. மனித உடம்பு உண்டாக்குவது ஏறக்குறைய முழுக்க எல். பட்டையில் உள்ள நொதிக்கும் அதை மட்டும்தான் தெரியும். ஆனால் இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோநாஸ்டாக் நுண்ணுயிர் உண்டாக்குவது டி வகை. மாவில் பாதிக் கதையை மீட்டர் பார்க்கவே பார்க்காது.

நாங்கள் செய்வது பழைய வழி. பாலில் பினாப்தலீன் விட்டு, இளஞ்சிவப்பு தட்டும் வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். செலவான காரத்தை வைத்து ‘லாக்டிக் அமிலம் இத்தனை சதவீதம்’ என்று எழுதுவோம். அதிலும் ஒரு பொய் இருக்கிறது. இப்போதுதான் கறந்த பாலைக் கொடுத்தாலும் 0.14 என்று வரும். அதில் லாக்டிக் அமிலம் அநேகமாக இல்லவே இல்லை! பால் புரதமும் பாஸ்பேட்டும் காரத்தைக் குடித்துவிடுகின்றன. பெயர் லாக்டிக் அமிலம், அளப்பது மொத்தப் புளிப்பு. உண்மையான லாக்டேட் வேண்டுமென்றால் எல், டி இரண்டுக்கும் தனித்தனி நொதி வைத்துப் பார்க்க வேண்டும், தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரி ஆய்வகத்தில்.

மாவுக்கு மூக்குதான் மீட்டர். மாமியார் மூக்கா உங்கள் மூக்கா என்பதில் நான் தலையிட மாட்டேன்.

கொள்ளிடக்கரை:
இன்று காலை பார்த்துவிட்டேன். அவன் அம்மாவிடம் கேட்டு, அவர் பக்கத்திலேயே நின்றார். பழையது சாப்பிட்டு முடித்ததும் இடது கை விரலில் குத்தினேன்: 1.3. வலது கையை ஸ்பிரிட் பஞ்சால் மட்டும் துடைத்துக் குத்தினேன்: 5.9. அதே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டு, வேறு விரலில், முதல் சொட்டைத் துடைத்துவிட்டு: 1.2.

பட்டை மூன்று போனது. ஒரு வாரம் அந்தப் பிள்ளையை ஓரமாக உட்காரவைத்ததுதான் மனசைக் குத்துகிறது. ‘எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல சார்’ என்றான்.

பி.டி. சார், மன்னார்குடி:
நான் முதலிலேயே மோர் என்று சொன்னேனா இல்லையா?

அரசலாறு 800:
சார், நீங்கள் சொன்னது வயிற்றுக்குள் போகும் மோரை! குற்றவாளி விரலில் இருந்தது. ஒரு கிண்ணம் தயிரில் இரண்டு கிராம்கூட லாக்டிக் அமிலம் இருக்காது. ஓடாமல் சும்மா இருக்கும் ஆள் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிப்பதே 100 கிராமுக்கு மேல். பையன் தாராளமாகப் பழையது சாப்பிடட்டும். சொல்லப்போனால் சாப்பிடாமல் வரும் மற்றவர்கள்தான் சிக்கல். தசையில் மாவுச்சத்து இருப்புத் தீர்ந்துபோனால் லாக்டேட் குறைவாகத்தான் வரும். எண்ணைப் பார்த்தால் ஆள் தேறிவிட்டான் என்று தோன்றும்.

பி.டி. சார், மன்னார்குடி:
நில் தம்பி. திரும்பச் சொல். பட்டினியாக ஓடுகிறவனுக்கு உங்கள் மீட்டர் நல்ல மார்க் போடுமா?

எட்டில் ஏழு பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகின்றன என்று கொள்ளிடக்கரையே மேலே எழுதியிருக்கிறான். நானும் முப்பத்தோரு வருஷம் அந்தப் பிள்ளைகளைத்தான் ஓட வைத்தேன். அவர்கள் மாவட்டத்துக்கு மேலே போகாததற்குக் காரணம் கேட்டு அவர்கள் ரத்தத்தைக் குத்துகிறீர்கள். ரத்தம் ‘எல்லாம் சரி’ என்கிறது. இதற்கு மேல் நான் என்ன வாதாட வேண்டும்?

அரசலாறு 800:
இதற்குப் பதில் இருக்கிறது. முந்தின ராத்திரி எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, காலையில் ஒரே அளவு, அப்புறம்தான் சோதனை. விதிமுறையே அப்படித்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டை யார் போடுவது என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை சார்.

கொள்ளிடக்கரை:
மீட்டர் வாங்கவில்லை. இரவல் மீட்டரே இருக்கட்டும், எட்டுப் பேருக்கு ஐந்து ஐந்தாக நாற்பது பட்டை மட்டும் வாங்குகிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பெற்றோர் கையெழுத்தோடு, படிப்படியாக ஓடவைத்து ஒரே ஒரு தடவை. அக்கா, உங்களுக்கு டூட்டி இல்லையென்றால் வாருங்கள். சார், நீங்கள் வந்தால் திருவையாறு பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டுவருகிறேன்.

ராத்திரி டூட்டி:
வருகிறேன். கையுறையும் லான்செட் போடும் டப்பாவும் நான் கொண்டுவருகிறேன். குத்திய ஊசியை ஆற்றங்கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது.

பி.டி. சார், மன்னார்குடி:
வருகிறேன். பட்டையைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. நாற்பது பட்டை வாங்கினால் நாற்பது முட்டையும் வாங்கி வை, முந்தின ராத்திரிக்கு.