புதுப்பிப்பு: வைர மோதிரத்துக்கு விவிஎஸ்1-ஆ, விஎஸ்1-ஆ?

எமரால்டு கட் (நீள்சதுரமாக வெட்டிய) வைர மோதிரத்துக்கு எந்தக் கிளாரிட்டி, அதாவது கல்லில் குறை எவ்வளவு குறைவு என்று சொல்லும் தரம், எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் இரண்டுக்கும் நடுவே உள்ள விவிஎஸ்2 எடுத்தாச்சு.

ரவுண்டு பிரில்லியண்ட் (வட்டமாகப் பட்டை தீட்டிய வைரம்) என்றால் யோசிக்காமல் விஎஸ்1 வாங்கியிருப்பேன். அதன் மினுமினுப்பிலேயே சின்னப் புள்ளிகள் மறைந்துவிடும். எமரால்டு கட்டில் படிப்படியாக இறங்கும் நீளமான முகங்கள். நடுவே அகலமான டேபிள் (மேலே உள்ள தட்டையான முகம்), ஜன்னல் மாதிரி உள்ளே பார்க்கலாம். ஒரு விஎஸ்1 கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (கைலென்ஸில்) பார்த்தபோது, டேபிளுக்கு நேர் கீழே ஒரு கருப்புப் படிகம். கல்லைச் சாய்க்கச் சாய்க்க அது எதிர்முகங்களில் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லைதான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நான் எடுத்த கல்லில் ஊசிமுனைப் புள்ளிகள் மட்டும், அதுவும் ஓரமாக.

வைரங்களுக்குத் தரச்சான்று தரும் ஜிஐஏ நிறுவனத்தின் கிளாரிட்டி அளவுகோலில் மொத்தம் 11 படிகள். அதில் விவிஎஸ் என்றாலே, தேர்ந்தவர்கூட பத்து மடங்கில் தேடித்தான் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேலே ஐஎஃப் (உள்ளே குறை இல்லாதது), எஃப்எல் (உள்ளும் புறமும் குறை இல்லாதது). என் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. அந்தப் பணத்தை நல்ல கட்டுக்கு (பட்டை தீட்டிய நேர்த்திக்கு) கொடுப்பதே மேல்.

சான்றிதழில் கிரேடை மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். குறைகளின் வரைபடம் இருந்தால், சிவப்புக் குறிகள் உள்ளே இருப்பவை, பச்சை மேற்பரப்பில் இருப்பவை. கீழே குறிப்புரையையும் படியுங்கள். கிர்டிலில் (கல்லைச் சுற்றியுள்ள விளிம்பில்) பொறித்த சான்றிதழ் எண்ணை லூப்பில் சரிபார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வது) பற்றிக் கேட்டவருக்கு: இந்தக் கல்லில் இல்லை.