டேம்பாவில் முதல் ஹரிக்கேன் சீசன்: எதிலிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:
பிப்ரவரியில்தான் சிகாகோவிலிருந்து ஃபுளோரிடாவில் இருக்கும் டேம்பாவுக்கு வந்தோம். வாடகை வீடு, மாடி கிடையாது. நான், கணவர், நாலு வயதுப் பையன், மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார். அத்தைக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஜூன் 1 பிறந்ததிலிருந்து அலுவலகத்தில் ஹரிக்கேன், அதாவது புயல் சீசன் பேச்சுத்தான். பட்டியல்களைப் பார்த்தால் கடையையே தூக்கி வரவேண்டும் போலிருக்கிறது. வர்தா புயலின்போது சென்னையில் இருந்தேன். மெழுகுவத்தியும் பிரெட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். இங்கே முதலில் என்ன செய்யணும்? ஜன்னலுக்கு டேப் ஒட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா?

ரெண்டு கேலன்:
டேப் வேண்டாம். கண்ணாடி உடைவதை அது தடுக்காது. உடைந்தால் பெரிய பெரிய துண்டாக, இன்னும் ஆபத்தாக விழும், அதுதான் லாபம். ஜன்னலை மூடும் ஷட்டர் உண்டா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். பல வீடுகளில் கராஜ் மூலையில் தகடு தகடாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர். மூன்று நாளுக்கு என்பார்கள், நீங்கள் ஏழு நாளுக்கு வையுங்கள்.

கராஜ்வாசி:
தங்கச்சி, தண்ணீர் பாட்டில், டார்ச் எல்லாம் அப்புறம். இன்றைக்கே உங்கள் முகவரியைக் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) இணையதளத்தில் போட்டு எவாக்குவேஷன் ஜோன், அதாவது வெளியேற்றப் பகுதி, என்ன எழுத்து என்று பாருங்கள். ஏ முதல் ஈ வரை உண்டு. ஏ என்றால் முதலில் கிளம்பச் சொல்வது உங்களைத்தான். ஃபெமா (அமெரிக்க அரசின் பேரிடர் துறை) வரைபடத்தில் வெள்ள அபாயத்தைக் காட்டும் ஃப்ளட் ஜோன் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் டேம்பாவுக்குப் பக்கத்து ஊரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஏ ஜோனில் இருந்தவன். 2022-இல் இயன் புயல் எங்கள் மேல்தான் வருகிறது என்றார்கள். மூட்டை கட்டி ஆர்லாண்டோவுக்கு ஓடினோம். அது தெற்கே திரும்பி, கடைசியில் ஆர்லாண்டோவில் மழைவெள்ளத்தைப் பார்த்ததுதான் மிச்சம். அதனால் 2024 செப்டம்பர் 26, ஹெலீன் வந்தபோது கிளம்பச் சொல்லியும் எனக்குத் திமிர். நூறு மைலுக்கு அப்பால் கடலில்தானே போகிறது, கரையேறுவது வடக்கே பிக் பெண்ட் கடற்கரைப் பக்கம்தானே என்று வீட்டிலேயே இருந்தேன்.

காற்று பிரமாதமாக ஒன்றும் இல்லை. ராத்திரி கராஜ் கதவின் அடி ரப்பரை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று துணியோடு குனிந்தேன். உப்பு வாடை. துடைக்கத் துடைக்க அகலமாகிறது. அப்புறம் ஷவர் தரைக்குழாய் வழியாகவும் குபுகுபுவென்று வந்தது. கணுக்கால், முழங்கால். ஒரு மாத அரிசி, பாஸ்போர்ட் வைத்த கீழ் டிராயர், எல்லாம் போச்சு.

கேட்டகரி 1, 2, 3 என்று டிவியில் சொல்வது காற்றின் வேகத்தை மட்டும்தான். கடல் எவ்வளவு ஏறும் என்று அந்த எண் சொல்லாது. ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் (வாடகைக்கு இருப்பவர்களுக்கான காப்பீடு) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். வெள்ளத்துக்கு அது செல்லாது. தனியாக ஃப்ளட் பாலிசி எடுக்கணும், வாடகைக்கு இருப்பவர்களும் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனால் அரசுத் திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஏஜென்டைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பதின்மூன்றே நாளில் மில்டன். ஊறிப்போன சோபாக்கள் இன்னும் தெருவோரம் கிடந்தன. இந்த முறை முந்தின நாளே கிளம்பிவிட்டோம், அதுவும் முப்பது மைல் தள்ளி மேட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு. பக்கத்து மாநிலமான ஜார்ஜியா வரை ஓட வேண்டியதில்லை, தண்ணீருக்குத் தப்பினால் போதும். உங்களுக்கு அப்படி ஒரு வீடு இருக்கிறதா? ஜூனிலேயே பேசி வையுங்கள்.

ரெண்டு கேலன்:
உங்கள் மாமியாரின் இன்சுலின் விஷயம் விட்டுப்போச்சே. திறந்த இன்சுலின் பேனா பெரும்பாலும் 28 நாள் வெளியில் தாங்கும், ஆனால் 86 டிகிரி ஃபாரன்ஹீட் (30 செல்சியஸ்) தாண்டக்கூடாது. கரண்ட் போய் ஏசி நின்றால் நம் வீடு அரை நாளில் அதைத் தாண்டும். கூலரில் வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படாமல். உறைந்தால் தூக்கிப் போடவேண்டியதுதான். ஜெனரேட்டர் வாங்கினால் கராஜுக்குள் ஓட்டவே கூடாது, கதவைத் திறந்து வைத்தாலும். வீட்டைவிட்டு 20 அடி தள்ளி. அதன் புகை ஆளைக் கொல்லும்.

வைகைக்கரை:
பார்த்தேன் அண்ணா, நாங்கள் பி ஜோன். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் பிராண்டனில் கணவரின் நண்பரிடம் பேசியாச்சு. அத்தையின் கவலை வேறு: ஊரைவிட்டுப் போய்த் திரும்பினால் ஃபிரீசரில் இருப்பது கெட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

கராஜ்வாசி:
ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பிழைத்தது. அடியில் கிடந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

வைகைக்கரை:
வைத்தாச்சு. குவார்ட்டர் (25 சென்ட் காசு) தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் அத்தை சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து வைத்துவிட்டார்.