சர்ஜரி போஸ்டிங்: ஆபரேஷன் தியேட்டருக்குள் ஹிஜாபை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஹவுஸ்சர்ஜன்_காயல்:
அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த வாரம் சர்ஜரி போஸ்டிங். வார்டில் முழுக்கைச் சுடிதார், வெள்ளைக் கோட்டு, ஜார்ஜெட் ஹிஜாப் என்று ஓட்டிவிட்டேன். தியேட்டரில் அரைக்கை ஸ்க்ரப்ஸ்தான் (அங்கே போடும் உடை) தருவார்கள். காகிதத் தொப்பி காதையும் கழுத்தையும் மூடாது. எங்கள் யூனிட்டில் ஹிஜாப் போடும் சீனியர் யாரும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

மயக்கமருந்து_லாத்தா:
வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. சீஃபிடம் ஓடாதே, தியேட்டர் சிஸ்டரிடம் போ. மூட்டு மாற்று அறுவைக்கென்று ஹூட் தொப்பி வைத்திருப்பார்கள். முகம் மட்டும்தான் வெளியே தெரியும். அதைக் கேள்.

கை விஷயம் நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. முழங்கைக்கு மேல்வரை கழுவியாக வேண்டும், அதில் பேச்சே கிடையாது. ஆனால் அதற்கு மேல் அறுவைக் கவுன் போட்டதும் மணிக்கட்டு வரை மூடிவிடும். சிங்க் முன்னால் நிற்கிற சில நிமிடம்தான் கை திறந்திருக்கும். பாடு எங்களுக்குத்தான். மயக்க மருந்துக்காரர்கள் கவுன் போடுவது எப்போதாவதுதான், நாள் முழுக்க அரைக்கை. நான் தியேட்டர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, நோயாளியைத் தொடும் முன் அதன் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிடுவேன்.

அப்புறம் ஹிஜாபில் குத்துகிற அந்தக் குண்டூசி! தியேட்டருக்குள் வேண்டவே வேண்டாம், வயிற்றுக்குள் விழுந்தால் என்ன ஆகும்? அதற்குப் பதில் மேக்னட் வைக்கிற பெண்கள், எம்ஆர்ஐ அறைக்குப் போகும் முன் கழற்றிவிடுங்கள்.

லண்டன்வார்டு:
இங்கே பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் 2007-லிருந்தே முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்று விதி. முஸ்லிம் பெண்கள் கேட்டதால் 2010-ல் ஒருமுறை போட்டுக் கழற்றும் கையுறைபோலத் தனிக் கை உறைக்கு இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டும். ராயல் டெர்பி மருத்துவமனை 2019-ல் ஒருமுறை போட்டுத் தூக்கிப் போடும் ஹிஜாபே கொண்டுவந்தது.

சும்மாஒருவன்:
2023-ல் திருவனந்தபுரம் மெடிக்கல் கல்லூரி மாணவிகள் முழுக்கை ஜாக்கெட் கேட்டபோது எவ்வளவு சர்ச்சை! நோயாளி முக்கியமா, உடை முக்கியமா?

மயக்கமருந்து_லாத்தா:
தம்பி, அவர்கள் கேட்டது ஜாக்கெட்டும் ஹூடும். கழுவ மாட்டேன் என்று யார் சொன்னார்கள்? ஹூட், காகிதத் தொப்பியைவிட அதிக முடியை மூடும்.

ஹவுஸ்சர்ஜன்_காயல்:
ஜஸாகல்லாஹ் லாத்தா. சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன், ஆர்த்தோ (எலும்பு அறுவை) தியேட்டரில் இருக்கிறதாம். வார்டுக்கு ஜார்ஜெட் சரிதானா?

மயக்கமருந்து_லாத்தா:
வழுக்கிக்கொண்டே இருக்கும், நீயும் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வாய். காட்டன் வாங்கு. தினமும் சுடுநீரில் துவை, நுனியைக் கோட்டுக்குள் செருகு.