செங்கல் சூளை இருந்த இடத்தில் ஒன்றும் பிழைக்கவில்லை, நார்க்கழிவு கொட்டலாமா?

சூளைக்காட்டுக்காரி:

சேரன்மகாதேவி பக்கம் எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் இருக்கிறது. அப்பா 22 வருஷம் அதில் செங்கல் சூளை போட்டார். 2016-ல் நிறுத்திவிட்டோம். மேல்மண் எல்லாம் செங்கலாகி யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கிறது. மிச்சம் கிடப்பது வடக்கே ஆள் உயரப் பள்ளம், நடுவில் ஓடு மாதிரி வெந்து சிவந்த சூளைத் தரை, அப்புறம் லாரி திரும்பித் திரும்பி இறுகிப்போன களம்.

போன ஐப்பசியில் வேம்பும் புங்கனுமாக 60 கன்று நட்டேன். சித்திரையில் எண்ணிப் பார்த்தால் ஏழு. அதில் மூன்றை வெள்ளாடு முடித்துவிட்டது.

இப்போது தேங்காய் நார் மில்காரர் நார்க்கழிவை ஓசியில் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்கிறார். அரிசி ஆலையில் உமிச்சாம்பல் கிடைக்கிறது. குப்பையில் செய்த உரமும் வாங்கலாமாம். மூன்றையும் கலந்து பரப்பிவிடலாமா? அம்மா, "குப்பையைக் கொண்டுபோய்க் குப்பையிலேயா கொட்டப் போற" என்று கேட்கிறாள்.

பாளையங்கோட்டையான்:

பேசாமல் பிளாட் போட்டு விற்றுவிடுங்கள். சூளை மண் அஸ்திவாரத்துக்குத்தான் ஆகும்.

காளவாசல்:

மேலே உள்ளவர் சொன்னதை விடுங்கள், தங்கச்சி. தாழையூத்துப் பக்கம் என் மாமனார் சுண்ணாம்புக் காளவாசல் நடத்திய 80 சென்டில் நான் பதினோரு வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். அம்மா சொன்னதில் முக்கால்வாசி சரி. குப்பையை மக்க வைத்துக் கொண்டுபோனால்தான் அது மண்ணோடு சேரும்.

நானும் ஓசியில் மயங்கினவன்தான். முதல் வருஷம் நாலு டிராக்டர் உமிச்சாம்பல் இறக்கினேன். அதில் பெரும்பங்கு சிலிக்கா, போதாததற்குக் காரத்தன்மை வேறு. ஏற்கெனவே சுண்ணாம்பு ஊறிய மண்ணில் இன்னும் காரம் ஏறியது. அதுவும் கொட்டியது ஆனி மாதம். ஆடிக்காற்று பாதிச் சாம்பலை வாரிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வத்தல் பாயில் போட்டது. அந்த ஆச்சி இன்றைக்கும் என்னைச் 'சாம்பக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறாள். உங்களுக்குச் சாம்பல் வேண்டும் என்றால் உரக்குழியில் கொஞ்சமாக, நனைத்துப் போடுங்கள். நிலத்தில் நேரே வேண்டாம்.

எதைக் கொட்டுவதற்கும் முன்னால் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். பள்ளம், சூளைத் தரை, களம் மூன்றுக்கும் தனித்தனிப் பை. சூளையில் என்ன எரித்தார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். விறகும் உமியும் என்றால் பயமில்லை. பழைய டயர், கழிவு ஆயில் எரித்திருந்தால் ஈயம், காட்மியமும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

களம் இறுகிக் கிடக்கும்வரை நீங்கள் கொட்டுவது எல்லாம் மேலேயே கிடந்து மழையில் ஓடிவிடும். நான் ஜேசிபி வைத்து, சரிவுக்குக் குறுக்கே, இரண்டடி ஆழத்துக்கு வரிவரியாகக் கீறினேன். செங்கல் உடைசலை அள்ளி எறியாதீர்கள். நொறுக்கிக் கலந்துவிட்டால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

மரத்தை இரண்டு வருஷம் மறந்துவிடுங்கள். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறோம். புரட்டாசிக் கடைசியில் கொழுஞ்சி விதையுங்கள். நம் ஊர்ச் சரளில் யாரும் கேட்காமலே முளைக்கிற செடி, வேரில் தழைச்சத்தும் சேர்க்கும். விதைத்தோல் கெட்டி, மணலோடு உரலில் போட்டு லேசாக இடித்துத்தான் தூவ வேண்டும். முக்கியமான விஷயம், ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பூவெடுக்கும்போது மடக்கி உழுதேன். இரண்டு போகம் அப்படிச் செய்த பிறகு வைத்த புங்கன்தான் நின்றது.

கென்யாவில் மொம்பாசா பக்கம் பாம்புரி சிமெண்ட் ஆலைக்குக் கல் எடுத்த குழியில், 1971-ல் ரெனே ஹாலர் என்பவர் 26 வகை மரம் வைத்துப் பார்த்தார். தேறியது மூன்று. அதில் ஒன்று நம்ம சவுக்கு. அதன் சருகு மக்காமல் மெத்தை மெத்தையாகக் கிடந்ததாம். மரவட்டையைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது மண்ணாகத் தொடங்கியது. இதைப் படித்ததிலிருந்து நான் மரவட்டையை மிதிப்பதில்லை.

நார்மில் சூப்பர்வைசர்:

கடையம் பக்கம் ஒரு நார் மில்லில் வேலை பார்க்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, போட்டுவைக்க இடமில்லாமல்தான் ஓசியில் தருகிறோம்.

பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிச்சத்து இருக்கிறது. அதை நேரே கொட்டினால், மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கன்று மஞ்சளடித்து நிற்கும். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் விதை 5 புட்டியும் மாற்றி மாற்றி அடுக்கி, நிழலில், ஈரம் காயாமல் இரண்டு மாதம் வைத்தால் 112 என்பது 24-க்கு இறங்கிவிடும். கறுத்து, மண்வாசனை அடிக்கும்.

அவ்வளவு பாடு முடியாது என்றால், மில்லுக்குப் பின்னால் பல வருஷ மழையில் நனைந்து கறுத்த மேடு இருக்கும். அதைக் கேளுங்கள். புதுசைத்தான் முதலில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள்.

சூளைக்காட்டுக்காரி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி தம்பி. அப்பாவிடம் கேட்டேன். விறகு, உமி, பனைமட்டை, அவ்வளவுதானாம். டயர் என்றதும் கோபம் வந்துவிட்டது. கறுத்த மேட்டுக்கு மில்லில் சொல்லிவிட்டேன். வடக்குப் பள்ளத்தைக் குப்பை உரத்தால் மூடிவிடலாமா?

காளவாசல்:

மூட வேண்டாம் தங்கச்சி. ஐப்பசி மழை நிற்க உங்களுக்கு இருக்கிற ஒரே இடம் அது. கரையை மட்டும் சரித்துவிட்டு வெட்டிவேர் வையுங்கள். மேலே போடக் குளத்து வண்டல் கிடைக்குமா என்று பாருங்கள், தாசில்தார் அனுமதி வாங்கி எடுக்கலாம். குப்பை உரம் வாங்கினால் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம், அதற்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணாடிச் சில் இருக்கும், சலித்துப் போடுங்கள்.

ஜேசிபிக்கு ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். பிசான நெல் சாகுபடி வேலை தொடங்கிவிட்டால் வண்டி கிடைக்காது.